வெறும் குடுவை

கழுவிய குடுவையைத் தலைகீழாகப் பிடித்தால் தண்ணீர் துணி விரித்த மாதிரி ஒரே படலமாக வழிந்து இறங்க வேண்டும். எங்காவது ஒரு துளி உருண்டு நின்றால் அங்கே இன்னும் பிசுக்கு இருக்கிறது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பி, குடுவையை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். கழுத்துக்குக் கீழே ஒரு துளி நின்றுகொண்டிருந்தது. "நீ போகமாட்ட?" என்று அதைக் கேட்டுவிட்டு மறுபடி பிரஷ்ஷை உள்ளே விட்டாள்.

செடிச்சாறு வற்றிக் குடுவையின் அடியில் பிடிக்கும் பச்சைப் பிசின் லேசில் விடாது. முதலில் ஸ்பிரிட் விட்டு ஊறவைக்க வேண்டும். அப்புறம் சுடு சோப்புத் தண்ணீர், அப்புறம் குழாய்த் தண்ணீர், கடைசியில் காய்ச்சி வடித்த தண்ணீர். வடித்த தண்ணீர் மூலையில் இருக்கும் மெஷினிலிருந்து ஜலதோஷம் பிடித்தவன் மூக்கு மாதிரி சொட்டுச் சொட்டாகத்தான் வரும். கையுறை கொடுத்திருந்தார்கள். ஆண்கள் அளவு. போட்டால் கண்ணாடி வழுக்குகிறது என்று அவள் வெறுங்கையாலேயே கழுவினாள். விரல் நுனிகளில் ரேகை தேய்ந்துவிட்டது. வாசலில் வருகை பதியும் மெஷின் அவள் விரலை முதல் தடவையில் ஏற்றுக்கொண்டதே இல்லை. இரண்டு மூன்று முறை சிவப்பு விளக்கு எரிந்து, பிறகுதான் போனால் போகிறது என்று பச்சை எரியும்.

அந்தக் கட்டடத்தில் மூலிகைகளைச் சோதித்தார்கள். பின்பக்கத்துத் தகரக் கொட்டகையில் செடிகளை நிழலில் உலர்த்தி அரைப்பவருக்கு மாவு என்று பெயர். புருவம்வரை பச்சைத் தூள் படிந்தே இருப்பார். மேல்மாடியில் அந்தப் பொடியை ஸ்பிரிட்டில் ஊறவைத்து வடிகட்டுவார்கள். வடித்ததைக் குடுவையில் ஊற்றி, வெந்நீரில் சுழலவிட்டு, ஸ்பிரிட்டை பம்ப் வைத்து உறிஞ்சி எடுத்துவிட்டால் பிசின் மிஞ்சும். அதைக் கரைத்து ஊதா நிறத் தண்ணீரில் விடுவார்கள். ஊதா மங்கி மஞ்சளானால், உடம்பு துருப்பிடிக்காமல் காக்கிற சத்து செடியில் இருக்கிறது. அப்படித் தேறிய செடி மட்டும் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இருக்கும் செல் அறைக்குப் போகும். அங்கே குழிகுழியான தட்டில் புற்றுநோய்ச் செல்களை வளர்த்து, சாற்றை விட்டு, பிறகு மஞ்சள் சாயம் போடுவார்கள். உயிரோடு இருக்கும் செல் அந்த மஞ்சளை ஊதாவாக்கும். செத்த செல் ஒன்றும் செய்யாது.

இதையெல்லாம் ஆராய்ச்சிப் பெண் ஒருநாள் அவளுக்கு விளக்கியபோது, "அங்க ஊதா போனா நல்லது, இங்க ஊதா வந்தா உசுரு. ஏதாச்சும் ஒரு முடிவுக்கு வாங்கம்மா," என்றாள் அவள். அந்தப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. கண்ணாடி அக்கா என்று பெயர் வைத்ததும் அதுதான். இப்போது வாட்ச்மேன்வரை எல்லோருக்கும் அவள் கண்ணாடி அக்கா.

துளி போய்விட்டது. குடுவையை உலர்த்தும் பலகையின் ஆணியில் கவிழ்த்தபோது கதவருகே சூப்பர்வைசர் நின்றான். துப்புரவு ஆட்களை அனுப்பும் கான்ட்ராக்டரின் ஆள். அவளைவிட வயதில் சின்னவன்.

"அக்கா, கையத் துடைச்சுட்டு வா. மேல கூப்பிடுறாங்க."

"இந்த ட்ரே முடிச்சுட்டு வரேன் தம்பி."

"முடிச்ச வரைக்கும் போதும். வா."

மேலே, ஆராய்ச்சிக்கெல்லாம் தலைவரான பெரிய சார் நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டிருந்தார். ஆராய்ச்சிப் பெண் மேஜையோரத்தைப் பிடித்தபடி இருந்தது. கண் சிவந்திருந்தது. மேஜைமேல் குழித்தட்டு ஒன்று.

வேலியோரத்தில் வளரும் அந்தக் கசப்புச் செடிதான் இந்த வருஷம் முழுக்க அவர்களுடைய நம்பிக்கை. அதன் சாறு விட்ட குழிகளில் புற்றுநோய்ச் செல்கள் கூண்டோடு செத்திருந்தன. அந்தச் செய்தி வந்த அன்று மாடிப்படியில் எல்லோரும் கைதட்டினார்கள். ஆனால் முறைப்படி ஒரு வெறும் குடுவையையும் சேர்த்துச் சோதிக்க வேண்டும். செடி இல்லாமல் ஸ்பிரிட்டை மட்டும் ஊற்றி, அதே மாதிரி சுழற்றி உறிஞ்சி எடுத்த குடுவை. அதில் எதுவும் மிஞ்சக்கூடாது, செல் சாகக்கூடாது. செத்துவிட்டது.

"செடியே போடாத ஃபிளாஸ்க்ல செல் சாகுதுன்னா என்ன அர்த்தம்?" என்றார் பெரிய சார். அவளைப் பார்த்துக் கேட்கவில்லை, சூப்பர்வைசரைப் பார்த்து. "சோப்பு. சரியா அலசல. ஒரு வருஷ வேலை போச்சு. ஆள மாத்துங்க."

"மாத்திடலாம் சார்."

"சார், நான் அலசாம..." என்று அவள் ஆரம்பித்தாள். அவர் அதற்குள் போனை எடுத்துவிட்டார்.

படியில் இறங்கும்போது சூப்பர்வைசர் குரலைத் தணித்துக்கொண்டான். "இங்க பாருக்கா. மறந்துட்டேன், அலசாம விட்டுட்டேன்னு ஒரு வார்த்த சொல்லிடு. நான் உன்ன பஸ் டெப்போ கக்கூஸ்ல போட்டுடுறேன். சம்பளம் கொஞ்சம் கம்மி. ஆனா வேலைன்னு ஒண்ணு இருக்கும்."

"செய்யாதத எப்படிச் சொல்றது?"

"செஞ்சியோ செய்யலையோ, ஒத்துக்கிட்டா விஷயம் முடிஞ்சுது. எதிர்த்துப் பேசி, அப்புறம் தப்பு உன்னோடதுன்னு ஆச்சுன்னா எங்க கம்பெனி ஆள் போடுற எந்த எடத்துலயும் நீ கால் வைக்க முடியாது. ஊர்ல பாதி கட்டடம் எங்களுது. யோசிச்சுக்கோ."

வீட்டில் கணவன் சமைத்துக்கொண்டிருந்தான். கிட்டங்கியில் மூட்டை சரிந்து முதுகில் விழுந்ததிலிருந்து சமையல் அவனுடையது. நிமிர்ந்து நிற்க முடியாது என்பதால் அடுப்பைத் தரையில் இறக்கி வைத்திருந்தார்கள். அவள் சொன்னதைக் கடைசிவரை கேட்டான்.

"ஊருக்கெல்லாம் பளபளன்னு கழுவுவ. என் தட்டுலதான் எண்ணெய்ப் பிசுக்கு," என்றான்.

"வெளையாடாத."

"சரி, வெளையாடல. ஒத்துக்கோ. கக்கூஸா இருந்தா என்ன, நாத்தம் மூக்குக்குத்தான். நீ திரும்பவும் செங்கல் தூக்கப் போனா கழுத்து ஒடஞ்சிடும். ஏற்கெனவே இந்த வீட்ல ஒரு முதுகு போயாச்சு."

அவள் தட்டை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். உண்மையாகவே பிசுக்கு இருந்தது. "நான் அலசினேன்," என்றாள். "தண்ணி வராத வாரத்துலகூட கீழேர்ந்து குடத்துல தூக்கிட்டு வந்து அலசினேன்."

"அப்புறம் ஏன் மொகம் இப்படி இருக்கு?"

சோதனைக்குப் போன வெறும் குடுவை அந்த வாரத்து ட்ரே ஒன்றிலிருந்துதான் போயிருந்தது. வடித்த தண்ணீர் மெஷின் சொட்டவே மாட்டேன் என்று அடம்பிடித்த நாள். ஆராய்ச்சிப் பெண் கதவருகே வந்து, "போதும்கா, குடுங்க, நேரமாச்சு," என்று அவசரப்படுத்தியது. கடைசி அலசல் எத்தனை ஊற்றினோம் என்று இப்போது எவ்வளவு யோசித்தும் நினைவு வரவில்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோமா?

"ஒரே ஒரு ட்ரே," என்றாள். "அது மட்டும் எனக்கே தெரியல."

கணவன் கரண்டியைக் கீழே வைத்தான். "அப்போ எதிர்த்து வாயத் தொறக்காத. ஒத்துக்கோ."

காலையில் வருகை மெஷின் வழக்கம்போல இரண்டு முறை சிவப்பு காட்டிவிட்டுப் பச்சை காட்டியது. பெரிய சாரின் கார் வரும்வரை அவள் படிக்கட்டில் நின்றாள். சூப்பர்வைசர், ஒத்துக்கொள்ளத்தான் நிற்கிறாள் என்று நினைத்து, பக்கத்தில் வந்து நின்றுகொண்டான்.

"சார், ஒரு நிமிஷம்."

"சொல்லு."

அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "செடியத் தட்டுல போட்டுப் பாக்குறீங்க. வேரப் போட்டுப் பாக்குறீங்க, பட்டையப் போட்டுப் பாக்குறீங்க. என் கழுவலையும் ஒரு தடவ போட்டுப் பாருங்க சார். செல் செத்துச்சுன்னா நானே போயிடுறேன்."

பெரிய சார் முதன்முறையாக அவளை முழுசாகப் பார்த்தார். சூப்பர்வைசர் சிரித்தான். "நல்ல கதையா இருக்கே. டெஸ்ட்டுன்னு தெரிஞ்சா இன்னைக்கு வளைச்சு வளைச்சுக் கழுவிட்டு வருவ. அன்னைக்குக் கழுவினதுக்கு என்ன பண்ணுவ?"

கார் டிரைவர்கூடத் திரும்பிப் பார்த்தார். கணவன் சொன்னது நினைவுக்கு வந்தது. ஆனால் வாய் அதற்குள் திறந்துவிட்டது.

"அன்னைக்குக் கழுவினதுல மிச்சம் அலமாரியில இருக்கு. தண்ணி வராத வாரத்து ட்ரே. தாள் சுத்தி வெச்ச மாதிரியே இருக்கு, யாரும் தொடல. அதையே எடுத்துப் பாருங்க."

ஆராய்ச்சிப் பெண் மேலே படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தது. அவசரப்படுத்திய நாள் அதற்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். "நான் பண்றேன் சார்," என்றது.

செல் வளர நேரம் வேண்டும். அதுவரை அவளைக் கழுவும் தொட்டிப் பக்கம் விடக்கூடாது என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டதால், மாவிடம் கொட்டகையில் செடி ஆயப் போனாள். தண்டை நீக்கி இலையை மட்டும் உருவி எடுக்கும் வேலை. முள் இருந்தது. மாவு அரவை மெஷினை நிறுத்திவிட்டு முகத்தைத் துடைத்தார். துடைத்த இடம் மட்டும் மனித நிறமாக வந்தது.

"தங்கச்சி, உனக்குத் தைரியமா, கொழுப்பா?"

"ரெண்டும் இல்லண்ணே. பயமா இருக்கு."

"இருக்கும்ல. இங்க தோட்டத்துல ஒருத்தர் இருந்தாரே, தெரியுமா? அவருக்கு வேல போச்சுன்னு ஒருத்தரும் வாயத் தொறந்து சொல்லல. காலையில வந்தாரு, விரல வெச்சாரு, செகப்பு. திரும்ப வெச்சாரு, செகப்பு. மெஷின்லேர்ந்து பேர எடுத்துட்டாங்க. அவ்வளவுதான் மரியாத."

"எனக்கு தெனமும் செகப்புதானே எரியுது."

"அதான் சொல்றேன். உன்ன எடுத்தாங்கன்னா உனக்கே தெரியாது. மத்தியானம் வரைக்கும் நின்னு விரலத் தேச்சுக்கிட்டிருப்ப!" என்று சொல்லிவிட்டு அவரே விழுந்து விழுந்து சிரித்தார். பச்சைத் தூள் பறந்தது. அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்ததும் இருமினார். இருமிக்கொண்டே மெஷினைப் போட்டார்.

அடுத்த நாள் காலை சிவப்பு எரிந்தபோது அவளுக்குத் தோட்டக்காரர் நினைவு வந்தது. மறுபடி சிவப்பு. விரலைக் கழுத்தில் தேய்த்துச் சூடாக்கி வைத்தாள். பச்சை. வாட்ச்மேன், "என்னக்கா, லாட்டரி விழுந்த மாதிரி சிரிக்கிற?" என்றார்.

அதற்கும் மறுநாள், மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால், ஆராய்ச்சிப் பெண் கொட்டகைக்கே ஓடிவந்தது. கோட்டுப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது.

"அக்கா, வாங்க. மாவண்ணே, நீங்களும் வாங்க."

"நானா? இந்தக் கோலத்துலயா? உங்க செல்லெல்லாம் என்னப் பாத்தே செத்துடும்."

அவரைக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிறுத்தினார்கள். அவளுக்குக் காலுக்கும் தலைக்கும் உறை போட்டு உள்ளே அழைத்துப் போனார்கள். இத்தனை வருஷமாக அந்த அறைக்குக் குடுவை கழுவுகிறாள், உள்ளே வந்ததில்லை. சின்ன அறை. ஒரு மெஷின் தேனீக் கூடு மாதிரி ரீங்காரமிட்டது. பெரிய சாரும் சூப்பர்வைசரும் ஏற்கெனவே அங்கே இருந்தார்கள்.

ஆராய்ச்சிப் பெண் தட்டை விளக்குப் பலகைமேல் வைத்தது.

"இந்த வரிசைல ஒண்ணுமே போடல. செல் சும்மா வளந்துது. ஊதா. பாக்குறீங்களா? இது நானே வேணும்னு சோப்புப் போட்டு அலசாம விட்ட ஃபிளாஸ்க். எல்லாம் செத்துடுச்சு."

வெளிர் மஞ்சள், தண்ணீர் மாதிரி. அவள் தலையாட்டினாள்.

"இது உங்க ட்ரே அக்கா. தண்ணி வராத வாரத்துது. செல்லுக்கு ஊட்டுற தண்ணிய அந்த ஃபிளாஸ்க்ல ஊத்திக் குலுக்கி, அத இதுல விட்டேன்."

ஊதா. ஒரு குழி இல்லை, ஒரு ஓரம் இல்லை, அந்த வரிசை முழுக்கக் கத்திரிக்காய்த் தோல் மாதிரி கெட்டியான ஊதா. சும்மா வளர்ந்த வரிசையையும் இதையும் இடம் மாற்றி வைத்தால் கண்டுபிடிக்க முடியாது. அவள் குனிந்து ஒவ்வொரு குழியாகப் பார்த்தாள். அன்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாளோ இல்லையோ, கை பார்த்திருக்கிறது. தலை மறந்துபோனதைக் கை செய்துவிட்டுப் போயிருக்கிறது.

"அப்போ செல்லு எப்படிச் செத்துது?" என்றார் பெரிய சார்.

"கடைசி வரிசையப் பாருங்க சார். கடைலேர்ந்து வந்த புது ஃபிளாஸ்க். சோப்பே படாதது. ஸ்பிரிட் ஊத்தி நம்ம மெஷின்ல சுத்தி எடுத்தேன். இதுலயும் செத்திருக்கு. பம்ப் குழாய்ல விரிசல். ஸ்பிரிட்ட முழுசா உறிஞ்சல, மிச்சம் நின்னிருக்கு. நான்தான் குழாயப் பாக்காம விட்டுட்டேன். தப்பு என்னோடது சார்."

பெரிய சார் மூக்கைத் தேய்த்தார்.

"சரி. குழாய மாத்து. திரும்பப் பண்ணு," என்றார்.

அவ்வளவுதான். கதவருகே போனவர் திரும்பி, அவளிடம், "நல்லாக் கழுவியிருக்கீங்க," என்றார். அவர் அவளிடம் 'ங்க' போட்டுப் பேசியது அதுதான் முதல்முறை. சூப்பர்வைசர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான், அதில் எங்காவது ஒரு மஞ்சள் கிடைக்காதா என்று. வெளியே மாவு கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு, "என்ன கலரு? என்ன கலருன்னு சொல்லுங்கய்யா!" என்று கத்தினார்.

"ஊதாண்ணே!" என்று அவள் உள்ளேயிருந்து கத்தினாள். "எல்லாம் ஊதா!"

மாவு அடித்த விசில் மூன்றாவது மாடிவரை கேட்டது. கண்ணாடியில் அவர் மூக்கு பதிந்த இடம் பச்சையாக இருந்தது. அதை அவள்தான் துடைத்தாள், சிரித்துக்கொண்டே.

அன்று வீட்டில் கணவன் ஊறுகாய் பாட்டில் மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, "மேடம், இதையும் ஒரு டெஸ்ட் பண்ணிக் குடுத்தா நல்லது," என்றான். அவள் அவன் தட்டைத் தேய்த்து, அலசி, விளக்குக்கு நேரே பிடித்துக் காட்டினாள். துளி நிற்கவில்லை.

புதுக் குழாய் வந்தது. கசப்புச் செடியை மறுபடி அரைத்தார்கள், ஊறவைத்தார்கள், உறிஞ்சினார்கள். இந்த முறை வெறும் குடுவை ஊதாவாக நின்றது. செடிச்சாறு விட்ட புற்றுநோய்ச் செல்கள் வெளுத்துப்போயின. அதே சாற்றை நல்ல செல்லில் விட்டபோது ஊதா அப்படியே இருந்தது. இந்தத் தடவை மாடிப்படியில் கைதட்டியபோது ஆராய்ச்சிப் பெண் அவளை இழுத்துக் கொண்டுபோய் நடுவில் நிறுத்தியது. மாவும் நின்றார், குளித்துவிட்டு வந்திருந்ததால் ஒருவருக்கும் முதலில் அடையாளம் தெரியவில்லை.

வாட்ச்மேன் மெதுவாக ஆராய்ச்சிப் பெண்ணின் அருகே வந்தார். "ஏம்மா, எங்க வீட்டு வேலில இது நெறைய கெடக்கு. தெனம் ரெண்டு இலை மென்னா புத்துநோய் வராதுல்ல?"

"அண்ணே, தட்டுல சாவுறது வேற, உடம்புல வேற. சோப்புத் தண்ணிலயும்தான் செத்துச்சு. சோப்பத் தின்னுவீங்களா?"

"இவரு தின்னாலும் தின்பாரு," என்றாள் கண்ணாடி அக்கா. எல்லோரும் சிரித்தார்கள்.

செடி ஆராய்ச்சிக்குப் பணம் கொடுப்பவர்கள் பார்வையிட வந்தார்கள். பெரிய சார் அவர்களைத் தொட்டிவரை கூட்டி வந்தார். "இங்க ஃபிளாஸ்க் கழுவுறதக்கூட நாங்க செல்லுல விட்டுச் சோதிக்கிறோம்," என்று பெருமையாகச் சொன்னார். வந்தவர்களில் ஒருவர் அவளுடைய ஈரக் கையைப் பிடித்துக் குலுக்கினார். இன்னொருவர் தொட்டியையும், ஆணிப் பலகையையும், சொட்டும் மெஷினையும் பார்த்து ஏதோ குறித்துக்கொண்டார்.

மழைக்காலம் முடிவதற்குள் மரப்பெட்டியில் ஒரு கழுவும் மெஷின் வந்து இறங்கியது. ஆளுயரம். வட்டமான கண்ணாடிக் கதவு. அதை வைக்கத் தொட்டியைப் பெயர்த்து எடுத்தார்கள். அவள் உட்காரும் முக்காலி நடைபாதைக்குப் போனது. "இனி உங்க கைக்கு ஓய்வுக்கா," என்றது ஆராய்ச்சிப் பெண், உண்மையான சந்தோஷத்தோடு. "ஆனா இது ஒழுங்காக் கழுவுதான்னு பாக்கணும். உங்க ட்ரே ஒண்ணு, இதோட ட்ரே ஒண்ணு. உங்களுதுதான் அளவு. உங்கள மாதிரி வந்தாத்தான் மெஷின ஏத்துக்குவோம்."

அவள் வராந்தாக் குழாயில் உட்கார்ந்து கழுவினாள். வாழ்நாளில் அவ்வளவு நன்றாகக் கழுவியதில்லை. ஒவ்வொன்றையும் வானத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். ஆராய்ச்சிப் பெண் அவள் ட்ரேயில் 'அக்கா' என்று சீட்டு ஒட்டியது. மற்றதில் 'மெஷின்' என்று.

தட்டு வந்தபோது அவளையும் கூப்பிட்டார்கள். இந்த முறை காலுறையை அவளே எடுத்துப் போட்டுக்கொண்டாள். இரண்டு வரிசை. இரண்டும் ஊதா.

"அப்படியே நீங்க கழுவின மாதிரியே இருக்கு!" என்றார் பெரிய சார். மெஷினைப் பொருத்திய ஆள் கைதட்டினான். எல்லோரும் தட்டினார்கள். அவளும் தட்டினாள். சூப்பர்வைசர் முன்னால் வந்து அவளுக்குக் கைகூடக் கொடுத்தான்.

அடுத்த திங்கட்கிழமை அவள் சீக்கிரமே வந்தாள். துவைத்து மடித்த துணி தோளில் இருந்தது. வருகை மெஷின்மேல் விரலை வைத்தாள். சிவப்பு. விரலைத் துணியில் துடைத்து மறுபடி வைத்தாள். சிவப்பு. பின்னால் வரிசை சேர்ந்துகொண்டிருந்தது; அவள் ஒதுங்கி நின்று, மாவுக்கும் மற்றவர்களுக்கும் வழிவிட்டாள். ஒவ்வொருவருக்கும் பச்சை எரிந்தது. மாவு உள்ளே போனவர் நின்று திரும்பிப் பார்த்தார். இன்றைக்கு அவர் கிண்டல் பண்ணவில்லை.

"அவசரப்படாதக்கா," என்றார் வாட்ச்மேன். "உனக்கு எப்பவும் லேட்டாத்தானே எடுக்கும்."

"ஆமா," என்று சிரித்தாள் கண்ணாடி அக்கா. விரலைக் கழுத்தில் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, மறுபடி வைத்தாள்.